பெரிய டாக்டர் எப்போ வருவார்?

எல்லோருக்கும் வணக்கம். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பெரிய டாக்டர் எப்போ வருவார்?" என்றுதான். ஆபரேஷன் செய்கிறவர்தான் பெரிய டாக்டர் என்பது நம் ஊர்க் கணக்கு. நானும் கத்தி பிடிக்கிறவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த நேரத்துக்கு வேண்டிய டாக்டர் நோயாளியின் தலைமாட்டிலேயே நிற்கிறார்; அவர்தான் அவசரப் பிரிவு மருத்துவர்.

பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். ஹேண்டில்பார் வயிற்றில் இடித்திருக்கிறது. வெளியே சிராய்ப்பு மட்டும். அவசரப் பிரிவு மருத்துவர் வயிற்றுக்கு உடனே போகமாட்டார். மூச்சுப்பாதை அடைத்திருக்கிறதா, இரண்டு நுரையீரலும் விரிகின்றனவா, நாடி எப்படி ஓடுகிறது என்று வரிசையாகப் பார்ப்பார். அப்புறம் ஸ்கேன் கருவியை விலா ஓரத்தில் வைப்பார். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அடிபட்டவன் வயிற்றில் அது பெரும்பாலும் ரத்தம்தான். ஒரு கையால் ரத்தம் ஏற்றச் சொல்லிக்கொண்டே மறுகையால் எங்களுக்குப் போன் போடுவார்.

விபத்து அறுவை மருத்துவர்களான எங்கள் வேலை அங்கே தொடங்குகிறது. பையன் மிகவும் சோர்ந்துவிட்டால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்க்கமாட்டோம். ரத்தக் கசிவை நிறுத்தி, துணி வைத்து அடைத்து, வயிற்றை முழுதாக மூடாமலே ஐசியூவுக்கு அனுப்புவோம். குளிர்ந்துபோன உடம்பு பழையபடி சூடாகி, ரத்தம் உறையும் தன்மை திரும்பிய பிறகு மீண்டும் ஆபரேஷன் தியேட்டர். ஐசியூவில் கூட இருந்து பார்ப்பதும் எங்கள் பொறுப்புதான்.

படிப்பும் வேறு வேறு. எம்பிபிஎஸ் முடித்து 3 வருடம் எம்.டி. படித்தால் அவசர மருத்துவர். நம் நாட்டில் அதைத் தனித் துறையாக அங்கீகரித்ததே 2009ல்தான். விபத்து அறுவைக்கு முதலில் எம்.எஸ். 3 வருடம், டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் அதற்கும் மேலே எம்.சிஎச். என்ற உயர் அறுவைப் படிப்பு 3 வருடம். பெரும்பாலான ஊர்களில் பொது அறுவை மருத்துவரே இந்த வேலையையும் சுமக்கிறார்.

ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி உண்டு: ஏடிஎல்எஸ், அதாவது படுகாயம் பட்டவரின் உயிரைக் காக்க எதை முதலில் பார்ப்பது என்று சொல்லித்தரும் பயிற்சி. 1976ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தானே ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார். படுகாயப்பட்ட பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, வயலில் தன் வெறுங்கையால் செய்த அளவுக்குக்கூட அங்கே கவனிப்பு இல்லை என்று பட்டது. அந்த வேதனையில் பிறந்ததுதான் இந்தப் பயிற்சி. 1978ல் முதல் வகுப்பு நடந்தது. பையனின் மூச்சை முதலில் பார்த்தாரே, அந்த வரிசை அதில் வருவதுதான்.

அதனால் அடுத்த முறை யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் வரும் டாக்டரிடமே எல்லாவற்றையும் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது, எப்படி விழுந்தார், இடையில் நினைவு தப்பியதா, ஹெல்மெட் இருந்ததா. வயதானவர் என்றால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.