மவுண்ட் ரோடு: ஏரிக்கரையில போட்ட பாதை

[காட்சி: நந்தனம் சிக்னல், சாயங்கால நெரிசல்]

நந்தனம் சிக்னல்ல தெற்கு பார்த்து நில்லுங்க. உங்க வலது கைப்பக்கம் ஒரு காலத்துல முழுக்கத் தண்ணி. நீங்க நிக்கிறது ஏரிக்கரை.

மவுண்ட் ரோடு, அதாவது இன்னிக்கு சென்னையோட அண்ணா சாலைன்னாலே எல்ஐசி கட்டடத்துல பேச்சை ஆரம்பிப்பாங்க. எனக்குத் தண்ணியில ஆரம்பிக்கிறதுதான் சரின்னு படுது. இந்த ரோடு எந்தப் பக்கம் திரும்பணும்னு தீர்மானிச்சதே அதுதான்.

[காட்சி: வரைபடம்]

வடக்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை, தென்மேற்கே பரங்கிமலை. கோட்டையில இருந்து மலைக்குப் போற வழிங்கறதால மவுண்ட் ரோடு. நடுவுல கூவம், அடையாறுன்னு ரெண்டு ஆறு. அந்த ரெண்டுக்கும் இடையில நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி. வெள்ளைக்காரங்க அதை லாங் டேங்க்னு கூப்பிட்டாங்க. தேனாம்பேட்டை தாண்டினதும் ரோடு அதோட கிழக்குக் கரைய ஒட்டியே போச்சு.

1920-கள்ல ஏரியை வத்தவெச்சு மனை போட்டாங்க. அதுதான் தி.நகர். மேற்கு மாம்பலத்துல இன்னிக்கும் லேக் வியூ ரோடு இருக்கு, நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு. ஏரிதான் இல்ல. ஐப்பசி மழையில அங்க முழங்கால் தண்ணி நிக்கும்போது இந்தப் பழைய வரைபடத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

[காட்சி: பழைய புகைப்படங்கள், வேகமாக]

1844-ல ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. 1959-ல 14 மாடி எல்ஐசி. 1969-ல அண்ணா மறைஞ்சதுக்கு அப்புறம் ரோட்டுக்கு அவர் பேரு. 1973-ல ஜெமினி மேம்பாலம். இப்போ அடியில மெட்ரோ.

[காட்சி: சைதாப்பேட்டை, அடையாறு]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனிய வியாபாரி, 1726-ல தன் சொந்தக் காசுல இந்த ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம்னு பேரு. பரங்கிமலைக்கு ஏறப் படிக்கட்டும் அவர் கட்டிக் கொடுத்ததுதான். மலை மேல இருக்கிற மாதா கோயிலுக்குப் போற ஜனங்க ஆத்துல இறங்காம, கால் நோகாம போய்ச் சேரணும்னு ஒரு மனுஷன் நினைச்சிருக்கார் பாருங்க!

1960-கள்ல அந்தப் பாலம் போய், மறைமலை அடிகள் பாலம் வந்துச்சு. உஸ்கான் வெச்ச கல்வெட்டு மட்டும் தங்கிடுச்சு. பாரசீகம், அர்மீனியம், லத்தீன்னு மூணு மொழி அதுல. அடுத்த தடவை கத்திப்பாரா பக்கம் போறப்போ, பாலத்துக்கிட்ட வண்டியை ஓரங்கட்டி அந்தக் கல்லை ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போங்க.