காபி இருக்கா, தீர்ந்துபோச்சா? உலகமே எட்டிப் பார்த்த ஒரு குடுவை

[திரையில்: கறுப்பு வெள்ளையில் மங்கலான ஒரு சின்னச் சதுரப் படம்]

கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு காபி மெஷின், கீழே ஒரு கண்ணாடிக் குடுவை. அவ்வளவுதான். அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. உங்கள் போனில் இருக்கும் ஐகான்கூட இதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் தொண்ணூறுகளில் இதைப் பார்க்க உலகின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்துபோனார்கள்.

இடம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம். வருடம் 1991. அங்கே ட்ரோஜன் ரூம் என்று ஓர் அறை. அதற்கு வெளியே நடைவழியில் காபி மெஷின். அறைக்குள் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, மணம் வந்ததும் எழுந்துபோய் ஊற்றிக்கொள்ளலாம். மற்ற மாடிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். மூச்சு வாங்கப் படியேறி வந்து பார்த்தால் குடுவையில் அடிமண்டி மட்டும் இருக்கும். இத்தனைக்கும் எல்லோரும் பங்கு போட்டு வாங்கும் காபி!

[திரையில்: கேமராவில் இருந்து கணினிக்குப் போகும் கம்பியின் வரைபடம்]

க்வென்டின் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் ஒரு கேமராவைக் குடுவைக்கு நேராக நிறுத்தினார்கள். ஜார்டெட்ஸ்கி படம் பிடித்துத் தரும் சர்வர் புரோகிராமை எழுதினார். அதை வாங்கி அவரவர் ஸ்கிரீனின் மூலையில் காட்டும் புரோகிராம் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேசருடையது. பெயர் எக்ஸ்காபி. ஒரு நாள் வேலைதான். நிமிடத்துக்கு மூன்று படம் வந்தால் போதும், ஏனென்றால் குடுவை அதைவிட மெதுவாகத்தான் நிரம்பும். நிறமும் கிடையாது. ‘காபியும் அப்படித்தான் இருந்தது’ என்று அவரே பின்னாளில் கிண்டலடித்திருக்கிறார்.

அதுவரை அது ஆய்வகத்தின் உள்விஷயம். 1993 நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இன்னும் இருவர் அந்தப் படத்தை வலைத்தளத்தோடு இணைத்துவிட்டார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. உலகின் முதல் வெப்கேம் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். ராத்திரியில் விளக்கை அணைத்தால் எங்களுக்குக் குடுவை தெரியவில்லை, எரிய விடுவீர்களா என்று ஜப்பானில் இருந்து மின்னஞ்சல் வந்ததாம். அந்தக் காபியில் ஒரு சொட்டுகூடக் கிடைக்காத மனிதருக்கு அப்படியொரு அக்கறை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

[திரையில்: 418 என்ற எண், பெரிதாக]

இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. பக்கம் காணவில்லை என்றால் 404 வருமே, அந்த வரிசையில் 418 என்றும் ஓர் எண் உண்டு. அர்த்தம்: ‘நான் ஒரு தேநீர்க் கெண்டி’. 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசிண்டர் என்பவர், காபி மெஷின்களை இணையம் வழியாக இயக்குவதற்கான நெறிமுறை என்று ஓர் ஆவணத்தை வெளியிட்டார். முட்டாள்கள் தினத்து விளையாட்டுதான், ஆனால் நடை முழுக்க அரசாணை மாதிரி இருக்கும். தேநீர்க் கெண்டியிடம் காபி போடச் சொன்னால் 418 என்று பதில் வர வேண்டும் என்பது அதன் விதி. அதன் மேற்கோள் பட்டியலில் நம் கேம்பிரிட்ஜ் குடுவையும் இருக்கிறது. 2017இல் சிலர் இந்த எண்ணை மென்பொருள்களில் இருந்து நீக்கப் பார்த்தார்கள். நிரலாளர்கள் விடவில்லை. இன்றும் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

சரி, குடுவை என்ன ஆனது? ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறியதால் 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்திவிட்டார்கள். மெஷின் ஈபேயில் ஏலத்துக்குப் போனது. 3,350 பவுண்டு கொடுத்து எடுத்தது ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் என்ற செய்தித் தளம். இத்தனைக்கும் அது 1991இல் இருந்த மெஷின்கூட இல்லை. இடையில் பழுதாகிப் பழுதாகிச் சிலது மாறிவிட்டது, இது அந்த வரிசையில் கடைசி. இப்போது ஜெர்மனியில் பாடர்போர்ன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

[திரையில்: கேமரா அனுப்பிய கடைசிப் படம்]

இது அந்தக் கேமரா அனுப்பிய கடைசிப் படம். இதில் காபியைத் தேடாதீர்கள். தெரிவது விரல்கள். சுவிட்சை அணைக்க வந்தவர்களின் விரல்கள்.