சிங்கப்பூர் க்ரூஸ்: விளம்பரத்தில் போட்ட விலையும் கடைசி நாள் பில்லும்

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், மூன்று விசில் வந்ததும் அடங்கிவிடும்.

இதோ கையில் இருக்கிறதே, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், இது கப்பலில் கடைசி நாள் காலையில் கொடுத்த பில். நான், அம்மா, பெரியம்மா மூன்று பேரும் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, 4 இரவு க்ரூஸ் முடித்து வந்தோம். போன வீடியோவில் நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, பஃபே எல்லாம் காட்டிவிட்டேன். இன்று காசு, ஊர், சூட்கேஸ் இந்தக் கதைதான். கப்பல் பெயரைச் சொல்லப்போவதில்லை, யாரும் எனக்குக் காசு தரவில்லை, நானும் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை.

க்ரூஸ் விளம்பரத்தில் இரண்டு விஷயங்களை அப்படியே நம்பக் கூடாது. ஒன்று விலை, இன்னொன்று ஊர்ப் பெயர்.

முதலில் விலை. "ஒருவருக்கு இவ்வளவு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால்தான் ஒருவருக்கு அந்த விலை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டியிருக்கும். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைத்து வாங்குவார்கள். ஆஹா, லாபம் என்று நானும் மூன்று பேருக்கு ஒரே கேபின் போட்டேன். அந்த மூன்றாவது கட்டில் எங்கே இருக்கும் தெரியுமா? கூரையில். சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்கிறவர் வந்து அதை இறக்கி, ஏணி ஒன்றைச் சாத்திவிட்டுப் போவார். ரயிலில் அப்பர் பெர்த் மாதிரி. அறுபது வயதுக்கு மேல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் மேலே ஏறப்போவது யார் என்று சொல்லவே வேண்டாம். நான்கு இரவும் நான்தான்.

அப்புறம் துறைமுகக் கட்டணம், வரி. சில விளம்பரங்களில் இது விலைக்குள் இருக்கும், சிலவற்றில் கீழே பொடி எழுத்தில் தனியாக இருக்கும். அப்புறம் டிப்ஸ். டிப்ஸ் என்றால் நாமாகப் பார்த்துக் கொடுப்பது என்று நினைத்தேன். இங்கே அது தினமும் தானாகவே கணக்கில் ஏறும். கப்பலைப் பொறுத்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர். பல கப்பல்களில் குழந்தைக்கும் உண்டு. எங்களுக்கு 18 டாலர், மூன்று பேர், நான்கு நாள், மொத்தம் 216 டாலர். நம் காசில் 18,000 ரூபாய்க்கு மேல். அந்த ஊழியர்கள் உழைக்கிற உழைப்புக்கு நான் குறை சொல்லவில்லை. புக் பண்ணும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறேன். நம் ஊர் ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். அதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கச் சொல்லி, ஏறுவதற்கு முன்பே மின்னஞ்சலாக வந்து குவியும். எங்கள் வீட்டில் குடிக்கிறவர் யாரும் இல்லை. தண்ணீர், டீ, சாதாரணக் காபி எல்லாம் பஃபேயில் இலவசம்தான். இதில் இன்னொரு சங்கதி, சில கம்பெனிகளில் ஒரு கேபினில் ஒருவர் மதுவோடு கூடிய பேக்கேஜ் வாங்கினால், அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அண்ணியிடம் திட்டு வாங்குவது இப்படித்தான் நடக்கும்.

ஃபோன் கதை தனி. கப்பல் கரையை விட்டதும் செல்பேசி, கப்பலின் சொந்த டவரைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. அம்மா ஃபோனில் ஃப்ளைட் மோட் போட மறந்துவிட்டேன். காலை வணக்கம் பூப்படங்கள் ஒரு பத்துப் பதினைந்து வந்து இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஊருக்கு வந்த பிறகு அந்த பூக்களுக்கு வந்த பில்லில் நிஜப் பூ வாங்கியிருந்தால் ஒரு கல்யாண மண்டபத்தையே அலங்கரித்திருக்கலாம். ஏறியதும் ஃப்ளைட் மோட், வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை. அதையும் ஏறுவதற்கு முன்பே வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு.

சரி, இப்போது ஊர்ப் பெயர். எனக்கு இதுதான் முக்கியம்.

விளம்பரத்தில் "கோலாலம்பூர்" என்று இருக்கும். கோலாலம்பூரில் கடல் ஏது? கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். அங்கிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரம், டிராஃபிக் இருந்தால் அதற்கு மேல். "பாங்காக்" என்று போட்டால் பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சபாங்கில், அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம். "ஹோ சி மின் நகரம்" என்றால் ஃபூ மி துறைமுகமாக இருக்கலாம், அதுவும் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். இது ஆசியாவில் மட்டும் இல்லை. "ரோம்" என்பது சிவிட்டாவெக்கியா, "ஃப்ளாரன்ஸ்" என்பது லிவோர்னோ, "பாரிஸ்" என்பது ல ஹாவ்ர். திருச்சியைக் காட்டுகிறேன் என்று சொல்லி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுகிற கதைதான். எங்களிடமும் ஒரு ஏஜென்ட் முதலில் பாங்காக் க்ரூஸைத்தான் தள்ளப் பார்த்தார். போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போகுமே என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

அதனால் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள், எத்தனை மணிக்குச் சேரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேளுங்கள். கிளம்பும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள், ஏனென்றால் அதற்கு முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். போக வர ஆகும் நேரத்தையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் ஊர். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பினாங்கு வருகிற ரூட்டைப் பிடித்தேன்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும், அது ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதே பழைய நகரம். வாசலைத் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை. மெதுவாக நடந்தால்கூட கால் மணி நேரத்தில் லிட்டில் இந்தியா வந்துவிடும். மல்லிகைப்பூ வாசனை, பாத்திரக் கடை, தமிழில் பெயர்ப் பலகை. பெரியம்மா, "இதுக்கா இத்தனை தூரம் வந்தோம், தெப்பக்குளம் வீதி மாதிரி இருக்கே" என்றார். குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது. சாப்பிட நாசி கண்டார். முன்பு தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு கம்பின் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் கட்டித் தூக்கிக்கொண்டு போய் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்களாம், அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். நான் மட்டும் சாப்பிட்டேன், அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தோசை. இங்கே கப்பல்காரர்கள் விற்கும் டூர் எதுவும் வேண்டாம், கால் இருந்தால் போதும்.

புக்கெட் வேறு மாதிரி. பல பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் என்கிற சிறிய படகில்தான் கரைக்குப் போக வேண்டும். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, படகும் கப்பலும் சேர்ந்து ஆடும்போது காலை எடுத்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. இரண்டு ஊழியர்கள் இரண்டு கையையும் பிடித்து, ஆட்டம் அடங்குகிற அந்த நொடியில் "இப்போ" என்று சொல்லி இறக்கினார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை, கடல் கொஞ்சம் துள்ளினாலும் டெண்டரில் ஏற்ற மறுக்கலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் புக் பண்ணும்போதே "இந்த ஊரில் டெண்டரா, நேரடித் துறையா" என்று கேட்டே ஆக வேண்டும். வானிலை மோசமானால் கேப்டன் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போகலாம், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு.

அப்புறம் கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் ஃபோன் தானாக மாறிக்கொள்ளும், எங்கள் கப்பல் மாறவில்லை, சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. கடைசி டெண்டர் 5 மணி என்றால் உங்கள் ஃபோனில் அது 4 மணி. இதைக் கோட்டை விட்டு, கரையில் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்த ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன். நல்லவேளை, படகு இருந்தது. இறங்கும் வாசலில் பலகையில் எழுதியிருப்பார்கள், அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கையில் பழைய முள் கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அதனால் ஃபி ஃபி தீவு மாதிரி தூரமாகப் படகில் போவதென்றால் கப்பல் டூரே எடுங்கள், விலை கூட இருந்தாலும் பரவாயில்லை.

"சென்னையிலிருந்தே கப்பல் இருக்கிறதே, எதற்கு சிங்கப்பூர்" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். 2022-ல் கோர்டீலியா என்ற க்ரூஸ் கம்பெனி சென்னையில் தொடங்கியது, அடுத்த வருடம் இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. வருடம் முழுவதும் சென்னையிலிருந்து ஓடாது, சீசன் பார்க்க வேண்டும். அவர்களுடைய எம்ப்ரஸ் 1990-ல் கட்டிய கப்பல், சுமார் 48,000 டன். முன்பு சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் 1,69,000 டன்னுக்கு மேல். விமானச் செலவு மிச்சம், விசா தலைவலி குறைவு என்று பார்த்தால் சென்னை நல்லதுதான். எனக்குப் பயம் கடலைப் பற்றி. மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலேசியா, அதனால் பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். வங்கக் கடல் ஐப்பசி, கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதே மாதங்களில் வியட்நாம் பக்கம் தென்சீனக் கடலும் முரண்டு பிடிக்கும். முதல் தடவை போகிறவர்கள், வாந்தி வருமோ என்று பயப்படுகிறவர்கள், மலாக்கா ரூட்டை எடுங்கள். கேபினும் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைமேல் கேட்கும்.

பால்கனி வேண்டுமா என்றால், நான்கு இரவுக்கு வேண்டாம் என்பேன். இந்தக் கடலில் வெளியே ஒரே புழுக்கம். நாங்கள் ஜன்னலே இல்லாத உள் கேபின் எடுத்தோம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, அம்மா ஒன்பது மணி வரை தூங்கினார், அவர் வாழ்க்கையில் அது சாதனை. டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஒரு சேனலில் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டுவிட்டால் அதுதான் ஜன்னல்.

காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா மல்ட்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும், கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது புது நுழைவாகத்தான் கணக்கு. சிங்கப்பூர் வருகை அட்டையும் அதனால் இரண்டு தடவை நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். கர்ப்பிணிகளை 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள், கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். விமானத்தில் முதல் நாளே போய் இறங்கிவிடுங்கள். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்தானே, அன்று காலையே இறங்கிக் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. சலிப்பாக இருக்கும், போய்விடுங்கள். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ செய்தாக வேண்டும் என்று விதி இறுகியது.

கடைசியாக சூட்கேஸ். ஏறும்போது கொடுத்த பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம்கூட ஆகும், அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டியை வராண்டாவில் வைத்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொண்டு போய் மறுநாள் கரையில் தருவார்கள். பெரியம்மா அவ்வளவு சுறுசுறுப்பு, எல்லாப் புடவையையும் மடித்து, பெட்டியைப் பூட்டி, வெளியே வைத்துவிட்டுத் திரும்பினார். உடம்பில் இருந்த நைட்டியைத் தவிர வேறு துணி இல்லை. மறுநாள் என் சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் சிங்கப்பூரில் இறங்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

கரண்ட் கெட்டில், அயர்ன் பாக்ஸ், வீட்டில் சமைத்த சாப்பாடு இதெல்லாம் கொண்டுபோகாதீர்கள், ஸ்கேனரில் மாட்டும். பெரியம்மா காலையில் சுக்குக் காபிக்கு என்று ஒரு கெட்டிலை, என்னிடம் சொல்லாமல், புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எடுத்து, டேக் கட்டி, இறங்கும்போது மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அது பெரியம்மா வீட்டு சமையலறையில் அந்த டேக்கோடு நிற்கிறது. கழற்றக் கூடாதாம். வருகிறவர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமாம், இது கப்பலில் போய் வந்த கெட்டில் என்று.