ஏற்காட்டில் 200 ரூபாய் ரசீது, அப்புறம் முசோலினி

வணக்கம் மக்களே. இன்றைக்கு மலையும் இல்லை, மூடுபனியும் இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மரத்தடியில் நின்று பேசுகிறேன். பஸ் ஹாரன் காதைக் கிழிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஏற்காடு வீடியோவுக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கிற சண்டையைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதிப் பேர் "அக்கா, இது பச்சைப் பாசிசம்" என்கிறீர்கள். மீதிப் பேர் "நம்ம நாடு ஜனநாயகம், இங்கே அதெல்லாம் நடக்காது, சும்மா கிளப்பாதே" என்கிறீர்கள். இரண்டு கோஷ்டி மேலேயும் எனக்குக் கோபம்.

புதிதாக வந்தவர்களுக்குக் கதைச் சுருக்கம். ஏற்காட்டில் ஒரு இடம், பெயர் வேண்டாம். நுழைவுச் சீட்டு வாங்கினேன். கேமராவுக்கும் தனியாகச் சீட்டு வாங்கினேன். முக்காலியை விரித்ததுதான் தாமதம், ஒரு அண்ணன் ஓடி வந்தார். "ஏம்மா, ஸ்டாண்டு வெச்சா அது ஷூட்டிங். 200 ரூபா." எந்தப் பலகையில் போட்டிருக்கிறது என்று கேட்டேன். "பலகையெல்லாம் இல்லம்மா, ரூல்ஸ்." சரிங்கண்ணா, தருகிறேன், ரசீது கொடுங்கள் என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நான் என்னவோ அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி. ரசீதுப் புத்தகம் ஆபீசில் இருக்கிறதாம். ஆபீஸ் பூட்டியிருக்கிறதாம். சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறாராம். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஷேர் ஆட்டோவில் பாக்கி இரண்டு ரூபாய்க்கு இறங்காமல் உட்கார்ந்திருக்கிற ஆள். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். சாவிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், புத்தகத்தை எடுத்தார், கார்பன் தாளைத் தேடினார். அந்தக் கார்பன் தாளில் எழுதி எழுதி நடுவில் பொத்தல். என் பெயரை எழுதினார், இனிஷியலை விட்டுவிட்டார். அதையும் போடச் சொன்னேன். சீல் பாதிதான் விழுந்தது. இன்னொரு தடவை குத்தச் சொன்னேன். இதோ, தெரிகிறதா? ஃபோகஸ் ஆகட்டும்... ஆ, எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, தொகை எழுத்தாலும் எண்ணாலும் இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்குப் பார்த்த எந்த வியூ பாயின்ட்டும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. அடிவாரச் செக்போஸ்ட்டில் என் கேரி பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டதற்கும் சிலர் பாசிசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விஷயத்தில் நான் செக்போஸ்ட் கட்சி. தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அரசாணை இருக்கிறது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். தடுக்காத அரசு என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது மக்களே. தடுத்தவரை யார் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமா, அதுதான் எனக்குப் பேச்சு. அந்த 200 ரூபாய் அண்ணன் முனகினாலும் ரசீது கொடுத்தாக வேண்டியிருந்தது. இத்தாலியில் பாசிசத்தை ஆரம்பித்த முசோலினியின் ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது இல்லை.

முசோலினி 1922-இல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு பதவிக்கு வரவில்லை. அவருடைய கறுப்புச் சட்டைப் படையினர் ரோமை நோக்கிக் கிளம்பினார்கள், மிரண்டுபோன அரசர் கூப்பிட்டுப் பிரதமர் நாற்காலியைக் கொடுத்தார். 1924-இல் தேர்தல் முறைகேட்டை நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்ன மத்தேயோத்தி என்ற சோசலிஸ்ட் உறுப்பினரைக் கடத்திக் கொன்றார்கள். அடுத்த ஜனவரியில் முசோலினி சபையிலேயே நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்றார். ஒருவரும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1926-இல் மற்றக் கட்சிகளுக்கெல்லாம் பூட்டு. அப்புறம் 'கான்ஃபினோ' என்று ஒரு ஏற்பாடு. வழக்கு கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது, ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும், ஐந்து வருடம் வரைக்கும் ஏதாவது ஒரு தீவில் கொண்டுபோய் விடலாம். உஸ்டிகா, லிபாரி, பொன்ஸா என்று தீவுகள். கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷியை, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே பிடித்து முதலில் உஸ்டிகாவுக்குத்தான் அனுப்பினார்கள். அப்புறம் 20 வருடத்துக்கு மேல் தண்டனை, 1937-இல் உடம்பு நைந்து செத்துப்போனார்.

எனக்குப் பிடித்த கொடுமை இன்னொன்று இருக்கிறது. பிடித்த என்றால், சிரித்துச் சிரித்து அப்புறம் பயந்துபோன கொடுமை. 1927 முதல் இத்தாலியில் கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வரி. 25 வயதிலிருந்து 65 வயது வரைக்கும். தலைவருக்கு ஜனத்தொகை பெருகணுமாம். நம் வீட்டு விசேஷத்தில் அத்தைமார் கூட்டம் பையன்களைச் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வியை அங்கே வரித்துறை கேட்டிருக்கிறது. அத்தையிடமிருந்து மாடிக்கு ஓடித் தப்பிக்கலாம், வரித்துறையிடமிருந்து எங்கே ஓடுவது? எல்லாம் அரசுக்குள்ளே, அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராகவும் எதுவும் இல்லை என்று அவரே 1925-இல் மிலானில் பேசியிருக்கிறார். கல்யாணம் உட்பட என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை இன்னும் வேகம். 1933 பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு ஓர் ஆணை: பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடித ரகசியம், சும்மா பிடித்து அடைக்கக் கூடாது என்ற உரிமை, எல்லாம் 'மறு உத்தரவு வரும் வரை' நிறுத்தம். அந்த மறு உத்தரவு 1945 வரை வரவே இல்லை. இதில் கவனியுங்கள், அது அவர்களுடைய அரசியல் சட்டத்தில் இருந்த 48-ஆம் பிரிவை வைத்தே போட்ட ஆணை. மூன்று வாரம் கழித்து தஹாவ் வதை முகாமைத் திறந்துவிட்டார்கள். 1936-இல் ஒரு சட்டம், கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸ் செய்வதை நிர்வாக நீதிமன்றங்கள் விசாரிக்கவே கூடாது என்று. 1938-இல் நீமோலர் என்ற பாதிரியாருக்குக் கோர்ட்டு ஏழு மாதம் போட்டது. அதை ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டார், போகலாம் என்றது. போக விடவில்லை. கெஸ்டபோ அப்படியே முகாமுக்குத் தூக்கிப்போனது. 1945 வரைக்கும் உள்ளேதான். அதனால் முதல் கோஷ்டிக்காரர்களே, முக்காலிக் கட்டணத்தைப் பாசிசம் என்று சொல்லி அந்தச் சொல்லைத் தேய்க்காதீர்கள். நிஜமாகத் தேவைப்படுகிற அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நிமிஷம், லாரி போகட்டும்... சரி.

இப்போது இரண்டாவது கோஷ்டி. இங்கே அதெல்லாம் நடக்காது என்கிறவர்கள். நான் ஏன் இன்றைக்கு அஸ்தம்பட்டிக்கு வந்தேன் என்று யோசித்தீர்களா? சேலம் மத்தியச் சிறை இந்தப் பக்கம்தான். கேமராவை அங்கே திருப்ப மாட்டேன், அது வேறு வம்பு. 1950 ஜனவரி 26, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தருகிற 21-ஆம் பிரிவும் அன்றிலிருந்துதான். பதினாறே நாள். பிப்ரவரி 11 அன்று இந்தச் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் மலபார்க்காரர்கள், மலபார் அப்போது மதராஸ் மாகாணத்தோடு இருந்தது. முசோலினி கிடையாது, ஹிட்லர் கிடையாது. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர்களின் ஆட்சி. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் ஜாலியன்வாலா பாக் பற்றி மனப்பாடம் செய்தேன், இந்தச் சுவருக்குப் பின்னால் நடந்ததை ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

அதே மதராஸ் அரசு மார்ச் 1 அன்று பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார், மே 26-இல் தடை செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். சும்மா விட்டார்களா? மறு வருடமே முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடப் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தையும் சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கு இதைவிட எனக்கு முக்கியம். 1947 டிசம்பரிலிருந்து மனுஷன் உள்ளே. விசாரணை இல்லாமலே ஆளை அடைத்து வைக்க வழி செய்த தடுப்புக் காவல் சட்டம் 1950-இல் 14-ஆம் பிரிவு என்று ஒன்று வைத்திருந்தார்கள். உன்னை ஏன் பிடித்தோம் என்று உனக்குக் காரணம் சொல்வோம், அதை நீ நீதிபதியிடம்கூடச் சொல்லக் கூடாது, கோர்ட்டும் கேட்கக் கூடாது. எப்படிப்பட்ட மூளை பாருங்கள்! ஆறு நீதிபதிகளும் அந்தப் பிரிவை மட்டும் அடித்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தின் மீதியைப் பெரும்பான்மை அப்படியே விட்டது, கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்காது. 14-ஆம் பிரிவு விழுந்த அந்த ஓர் இடம் மட்டும் பிடிக்கும்.

நம் ஊர் ராஜாஜி விவகாரம் இன்னும் சுவாரசியம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராக இதே தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்தவர். 1959-இல் அதே ராஜாஜி, அரசு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறது, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்ஜியம் என்று சொல்லி சுதந்திராக் கட்சி ஆரம்பித்தார். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது, தாத்தா காலத்துக் கோபம். ஆனால் நாற்காலியில் இருந்தபோது ஒரு பேச்சு, இறங்கினதும் ஒரு பேச்சு என்பது அவரோடு ஆரம்பிக்கவுமில்லை, முடியவுமில்லை.

மிசா காலத்தை, அதாவது இந்திரா காந்தியின் நெருக்கடி நிலையைப் பற்றி முன்பே தனி வீடியோ போட்டிருக்கிறேன், அதனால் சுருக்கமாக. 1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலை இருக்கும்போது ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்த ஆளைக் கோர்ட்டு முன் நிறுத்தச் சொல்லும் மனு, போட முடியுமா என்ற வழக்கு. அரசுத் தரப்பு வக்கீலிடம் நீதிபதி கன்னா கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட வழி கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும் வரை கிடையாது என்று பதில். நான்கு நீதிபதிகள் அரசு பக்கம், கன்னா மட்டும் எதிர்ப்பு. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவேண்டிய முறையில் இன்னொருவருக்குப் போனது, ராஜினாமா செய்துவிட்டார். இங்கேதான் இத்தாலிக்கும் நமக்கும் வழி பிரிகிறது: 1977 மார்ச்சில் ஓட்டுப் போட விட்டார்கள், ஜனங்கள் ஆட்சியை இறக்கினார்கள். மறு வருடம் 44-ஆம் திருத்தம் வந்தது, நெருக்கடி நிலையிலும் 21-ஆம் பிரிவை நிறுத்த முடியாது என்று எழுதினார்கள். அந்த 1976 தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-இல் தள்ளிவிட்டது. நாற்பத்தொரு வருடம் ஆயிற்று, அதையும் மறக்காதீர்கள்.

அப்படியென்றால் இப்போது எல்லாம் சரியா? குண்டாஸ் இருக்கிறதே, குண்டர் தடுப்புச் சட்டம். 1982-ஆம் வருடத்துச் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஐந்து நாளுக்குள் காரணத்தைக் கையில் கொடுக்க வேண்டும், அடைத்தது சரியா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும், ஆட்கொணர்வு மனுவும் போடலாம். கொடுத்த ஜெராக்ஸ் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை என்பதற்காகவே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த உத்தரவுகள் உண்டு. சில்லறைக் காரணம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சில்லறையே இல்லை, ஏன் அடைத்தாய் என்று எழுதிக் கொடுத்ததைப் படிக்க முடியாவிட்டால் எதை வைத்து வாதாடுவது? ஆனால் அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதம் உள்ளே கழிந்திருக்கும், அதை யாரும் திருப்பித் தருவதில்லை. சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் கல் நட்டபோது நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அழுததை நேரில் பார்த்தவள் நான். எதிர்த்துப் பேசினவர்களைப் பிடித்தார்கள். 2019 ஏப்ரலில் நிலம் எடுக்கும் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி நிலம் எடுக்கலாம் என்றது. தோட்டக்காரர்கள் முழுசாக ஜெயிக்கவில்லை. அவர்கள் கேட்டதற்கு டெல்லி வரைக்கும் போய்ப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கான்ஃபினோ தீவில் இருந்தவனுக்கு அந்தப் பஸ் ஸ்டாப்பே கிடையாது.

அடுத்த வாரம் ஒரு வக்கீல் அக்காவைக் கூட்டி வருகிறேன். ஆட்கொணர்வு மனு என்றால் என்ன, யார் போடலாம், என்ன செலவாகும் என்று கேட்கப் போகிறேன். உங்கள் கேள்விகளை இப்போதே அனுப்பிவிடுங்கள். தயவு செய்து அவர் கட்டியிருக்கிற புடவை எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள்.