கொடியை விடுங்க, காட் மீனைப் பாருங்க!

வணக்கம் மக்களே! போன வீடியோவுல, 2007-ல ரஷ்யா வட துருவத்துக்கு அடியில, 4,000 மீட்டருக்கும் கீழ டைட்டானியக் கொடி நட்ட கதை சொன்னேன்ல? கமெண்ட்ல பாதிப் பேர் "அப்போ வட துருவம் ரஷ்யாவுக்குத்தானா?"ன்னு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்ல! கொடி நட்டா கடல் சொந்தமாகாது. அந்தக் கொடி மேல எனக்கு அப்படி ஒரு எரிச்சல். எவ்வளவு விளம்பரம்!

எனக்குப் பிடிச்சது பேரன்ட்ஸ் கடல். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் மேல இருக்கு பாருங்க, அது. நார்வே நேட்டோ நாடு, அதாவது ரஷ்யாவுக்கு எதிரணி ராணுவக் கூட்டணியில இருக்கு. ஆனா பனிப்போர் நடக்கும்போதே, 1976-லேர்ந்து வருஷா வருஷம் ரெண்டு தரப்பும் உக்காந்து, காட் (cod)ங்கிற குளிர்க்கடல் மீனை அந்த வருஷம் எத்தனை டன் பிடிக்கலாம்னு பேசுறாங்க. மத்த நாடுகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு, மிச்சம் சரிபாதி. உக்ரைன் போர் தொடங்கின பிறகும் இது நிக்கல!

ஏன்னு கேளுங்க. அந்த மீன் முட்டையிடுறது நார்வே பக்கம், லோஃபோட்டன் தீவுகள்கிட்ட. குஞ்சுங்க நீரோட்டத்துல போய் வளர்றது பெரும்பாலும் பேரன்ட்ஸ் கடல்ல, ரஷ்யா பக்கமும் சேர்த்து. பொறந்த வீடு ஒண்ணு, வளர்ந்த வீடு ஒண்ணு. குஞ்சுலயே ஒருத்தர் அள்ளிட்டா இன்னொருத்தருக்கு ஒண்ணும் மிஞ்சாது.

இப்ப நான் ரொம்ப ரசிச்ச விஷயம். பிடிக்கலாம்ங்கிற மீனோட குறைஞ்சபட்ச நீளம் நார்வேல 47 சென்டிமீட்டர், ரஷ்யால 42. அதே கடல், அதே மீன்! அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம் வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசில 2011-லேர்ந்து ரெண்டு பேருக்கும் 44. நடுவுல 44.5-ன்னு வெச்சிருக்கலாம், வெக்கல, பரவால்ல. வலைக் கண்ணும் அப்படித்தான், ஒருத்தருக்கு 135 மில்லிமீட்டர், ஒருத்தருக்கு 125, முடிவு 130. அது மட்டும் கச்சிதமா நடு! கொடி நட்டதை விட இதுதாங்க பெரிய சாதனை. சிரிக்காதீங்க.

அட, முக்கியமானதை விட்டுட்டேன். இதுக்கு முன்னாடி 2010-ல, நாப்பது வருஷமா இழுத்த கடல் எல்லைச் சண்டையையே ரஷ்யாவோட முர்மான்ஸ்க் நகரத்துல கையெழுத்துப் போட்டு முடிச்சாங்க. சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட பாதிப் பாதி.

உரசல் இல்லைன்னு சொல்லல. 2022-லேர்ந்து ரஷ்ய மீன்பிடிக் கப்பல்கள் நார்வேல மூணு துறைமுகத்துக்குத்தான் வர முடியும்: ட்ரோம்ஸோ, கிர்கெனெஸ், போட்ஸ்ஃபியூர்ட். 2025-ல ரெண்டு ரஷ்ய மீன் கம்பெனி மேல நார்வே தடை போட்டுச்சு, மாஸ்கோ கொதிச்சுது. கடல் ஆய்வுக்கான சர்வதேச கவுன்சில் ரஷ்ய விஞ்ஞானிகளை நிறுத்தி வெச்சதால, கடல்ல எவ்வளவு மீன் இருக்குங்கிற கணக்கை இவங்க ரெண்டு நாடும் தனியா உக்காந்து போடுறாங்க.

அந்தக் கணக்குதான் இப்ப வயித்தைக் கலக்குது. 2021-ல அனுமதி 8,85,600 டன். 2025-ல 3,40,000! 1991-க்கு அப்புறம் அதுவரைக்கும் இவ்வளவு கம்மியா இருந்ததில்ல. பாதியாப் பிரிக்க ஒத்துக்கிட்டாங்க, சரி, பிரிக்கிறதுக்கு மீன் வேணுமே? அடுத்த வீடியோல இந்தச் சரிவை எடுத்துக்கலாம். கொடி கேள்வியோட வந்தீங்கன்னா பதில் சொல்ல மாட்டேன், சொல்லிட்டேன்!