ஆறாத புண்ணும் உறையும் இரத்தமும்

(குலசேகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

இன்று விடிவதற்கு முன்பே இந்த ஊரைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு தொடங்கியிருக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வெட்டிய கோட்டின் வழியே சிரட்டைக்குள் வடியும் பால் சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடும். அடுத்த வெட்டுக்கு வரும்போது அந்தக் கோட்டின்மேல் ஒட்டுப்பால் இழையாகக் காய்ந்திருக்கும். பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் வெட்டுவாயில் உடைந்து, அவற்றிலிருந்து வெளிவரும் புரதங்கள் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழாயின் வாயை அடைத்துவிடுவதால்தான் இது நடக்கிறது. வெட்டுப்படாத குழாயில் அதே பால் உறைவதில்லை. உறைவதற்கு வேண்டிய சரக்கு உள்ளேயே இருந்தும், காயம் பட்டால்தான் அது வேலை செய்கிறது. நம் இரத்தத்தில் உள்ள புரதங்கள் வேறு. ஆனால் ஏற்பாடு பெரிதும் இதைப் போன்றதே.

என் தாய்மாமா இந்தப் பகுதியில்தான் முப்பது ஆண்டுகள் பால்வெட்டினார். ஒருநாள் அவருடைய இடது கால் மட்டும் கணுக்காலிலிருந்து தொடை வரை வீங்கியது. அட்டை கடித்திருக்கும் என்றோ, மேடுபள்ளத்தில் கால் பிசகியிருக்கும் என்றோ நினைத்து எண்ணெய் தடவினோம். காலின் ஆழ்சிரையில் இரத்தம் கட்டியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. நான்கு மாதம் கழித்துக் கணையத்தில் புற்று இருப்பதும் தெரிந்தது. இவை தனித்தனியே வந்த இரண்டு நோய்கள் என்றே அன்று நாங்கள் எண்ணினோம். அப்படி இல்லை என்பதை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

இரத்தக்குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் அளவே தடிப்புள்ள ஒரு படலம் விரிந்திருக்கிறது. இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். நெடுங்காலம் இதை வெறும் பூச்சாகவே கருதினார்கள். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் எரிக் ஜாஃபியும் அவருடைய குழுவினரும் பிரசவத்துக்குப் பின் கழிக்கப்படும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார்கள். இன்றும் உலகெங்கும் இத்துறையில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பங்கு தொப்புள்கொடிச் செல்களிலேயே நடக்கிறது. தாயையும் பிள்ளையையும் இணைத்த கொடி அறிவியலுக்கும் இத்தனை கொடுத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி ஏற்படுகிறது.

நலமாக இருக்கும்வரை இந்தச் செல் இரத்தத்தை உறையவிடாமல் காக்கிறது. நைட்ரிக் ஆக்சைடையும் புராஸ்டாசைக்ளினையும் சுரந்து, உறைவுக்கு உதவும் நுண்ணிய இரத்த அணுக்களாகிய தட்டணுக்களை ஒட்டாமல் வைக்கிறது. திராம்போமாடுலின் என்னும் புரதத்தைத் தன்மேல் ஏந்தி, உறைவை உண்டாக்கும் திராம்பினையே உறைவைத் தடுக்கும் பணிக்குத் திருப்பிவிடுகிறது. உறைவைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்னும் புரதமோ இந்தப் படலத்துக்கு வெளியே, குழாய்ச் சுவரின் செல்களில் இருக்கிறது. காயம் பட்டுப் படலம் கிழிந்தால் இரத்தம் அதைச் சந்திக்கிறது; இரத்தத்தில் உள்ள உறைவுப் புரதங்களில் ஏழாம் காரணி அதனோடு சேர, பத்தாம் காரணி விழிக்க, திராம்பின் பிறந்து, கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை ஃபைப்ரின் இழைகளின் வலையாக மாற்றுகிறது.

புற்றுச் செல்களில் பல இந்தத் திசுக்காரணியைத் தாங்களே ஏராளமாக உற்பத்தி செய்கின்றன. அதைச் சுமந்த நுண்குமிழிகளை இரத்தத்தில் உதிர்க்கவும் செய்கின்றன. காயமே இல்லாத இடத்தில் காயம் என்ற பொய்ச்செய்தி ஓடத் தொடங்குகிறது. கணையம், இரைப்பை, மூளை ஆகியவற்றின் புற்றுகளில் இந்த ஆபத்து மிகுதி. ஃபிரெஞ்சு மருத்துவர் அர்மான் துரூசோ 1865ஆம் ஆண்டிலேயே உறைவுக்கும் புற்றுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் தம் உடலிலேயே சிரை உறைவைக் கண்டு, தமக்கு வந்திருப்பது இன்னதென்று அறிந்துகொண்டார். 1867இல் இரைப்பைப் புற்றால் இறந்தார்.

உறைவு புற்றின் பின்விளைவு மட்டும்தானா என்ற கேள்விக்கு 2005இல் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு தந்த விடையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மெட் என்னும் புற்று மரபணுவை எலியின் ஈரல் செல்களில் சேர்த்தபோது, புற்று மெல்ல வளர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே சிரைகளில் இரத்தம் உறையத் தொடங்கிவிட்டது. செல்லைப் புற்றாக்கும் மரபணுவே உறைவைத் தூண்டும் மரபணுக்களையும் முடுக்கிவிட்டிருந்தது. என் மாமாவின் கால் வயிற்றுக்கு முன்பே பேசியதன் பொருள் அன்று எனக்கு விளங்கியது.

இதனால் புற்றுக்கு என்ன லாபம்? புற்றிலிருந்து பிரிந்து இரத்தத்தில் மிதக்கும் செல்லைத் தட்டணுக்களும் ஃபைப்ரினும் போர்வைபோல் மூடிக்கொள்ள, நோய் எதிர்ப்புச் செல்களின் பிடிக்கு அது தப்பி, வேறோர் இடத்தில் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. புதுக் குழாய்கள் முளைக்காமல் புற்றுக்கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்தும் இதனோடு சேர்கிறது. அந்தக் குழாய்களும் இதே எண்டோதீலியச் செல்களால் ஆனவை. புற்று என்பது ஆறாத புண் என்று அமெரிக்க நோயியல் அறிஞர் ஹரோல்ட் டுவோராக் 1986இல் எழுதினார். புண்ணை ஆற்றுவதற்கென்று உடல் வைத்திருக்கும் கருவிகளையே புற்று தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைப் பெறுவோரில் சிலருக்கு இரத்தப்போக்கும் சிலருக்கு உறைவும் ஏற்படுவதைப் பார்க்கும்போது, அது தடுக்கும் வளர்ச்சிக் காரணி, அதாவது குழாய்களை முளைக்கவைக்கும் புரதம், நலமான குழாய்களுக்கும் எவ்வளவு தேவை என்பது தெரிகிறது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். காலில் இரத்தம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, பேறுகாலம் என்று காரணங்கள் பல. ஆனால் புற்றுக்குச் சிகிச்சை பெறுகிறவரின் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் காலின் உறைவைக் காட்டிவிடும். அந்த நிலையில் எந்த மருந்து தருவது என்பதிலும் தெளிவு வந்திருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் உறைவு வந்தவர்கள் உறைவைத் தடுக்கும் பழைய வகை மாத்திரை உட்கொண்ட புற்றுநோயாளிகளில் சுமார் 17 சதவீதம். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 9 சதவீதம். அதன்பின் புதிய மாத்திரைகளும் வந்துள்ளன. வீங்கிய காலை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடாது. உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.