பழைய டெஸ்க்டாப்புக்குள் மூணு சர்வர்: பிரிட்ஜில் நான் மாட்டிக்கொண்ட கதை

வணக்கம் மக்களே, மன்னார்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னாடி கேட்கிற சத்தம் கதிர் அறுக்கிற மிஷின், பக்கத்து வயலில் இறங்கியிருக்கிறது, சாயங்காலம் வரை ஓயாது, அதனால் அதோடேயே பேசிவிடலாம்.

இதோ பரண்மேல் இருக்கிற பெட்டிதான் நம்ம சர்வர். பழைய டெஸ்க்டாப், நாலு கோர், 16 ஜிபி ராம், டெபியன் என்கிற லினக்ஸ் போட்டிருக்கிறேன். இதுக்குள் மூணு விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நடப்பவை, ஓடுகிறது: ஒன்று வீட்டு போட்டோக்களுக்கு, ஒன்று விளம்பரத் தடுப்புக்கு, இன்னொன்று நான் எதையாவது போட்டு உடைத்துப் பார்க்க. "பழைய பெட்டி தாங்குமா" என்று கேட்கிறவர்களுக்கு, இந்த மெஷின்களை ஓட்டுகிற கேவிஎம், 2007இல் வந்த 2.6.20 கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸுக்குள் சேர்ந்துவிட்டது, பெட்டியின் வயசு பிரச்சினை இல்லை. பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் வசதி இருந்து, அதை பயாஸில் (பெட்டி எழும்போதே வருகிற அடிப்படை செட்டிங்) ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும்.

மெஷின்களை உருவாக்கி நடத்துகிற மென்பொருள்களான கியூஎமு, லிப்விர்ட், விர்ட்-மேனேஜர், இந்த மூணையும் போட்டால் இன்ஸ்டால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதைக் காட்டி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ராம் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். சிபியு என்பது முறைத்தண்ணீர் மாதிரி, நாலு கோரை மூணு மெஷினும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிக்கொள்ளும். ராம் அப்படி இல்லை, அது நிலம், ஒருத்தருக்கு வரப்புப் போட்டுக் கொடுத்தால் கொடுத்ததுதான். நான் 4, 4, 2 என்று பிரித்து மிச்சத்தை ஹோஸ்டுக்கே, அதாவது பெட்டியில் நேராக ஓடுகிற டெபியனுக்கே, விட்டிருக்கிறேன்.

அப்புறம் நெட்வொர்க், எல்லாரும் அழுகிற இடம். லிப்விர்ட் தானாகக் கொடுப்பது நாட், அதாவது மெஷின்களெல்லாம் ஹோஸ்டின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஏற்பாடு, 192.168.122 என்று ஆரம்பிக்கிற ஐபி (நெட்வொர்க் முகவரி) வரும். மெஷினிலிருந்து வெளியே போகலாம், ஆனால் உங்கள் போனிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. எனக்குப் போனில் போட்டோ பார்க்கணும், அதனால் பிரிட்ஜ், அதாவது மெஷினை நேராக வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கிற பாலம், போடலாம் என்று முதலில் வைஃபையில் முயன்றேன், ஒரு ராத்திரி முழுக்க. ஏறவே இல்லை. காரணம் என்னவென்றால் தன்னிடம் இணைந்த கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தவிர வேறு எதிலிருந்து வந்தாலும் ரவுட்டர் வாங்காது, விர்ச்சுவல் மெஷினுக்கோ தனி மேக் முகவரி. ஆகவே லேன் கேபிள் இழுங்கள், வேறு பேச்சே இல்லை.

கேபிள் வந்ததும் அடுத்த கூத்து. கட்டிலில் படுத்துக்கொண்டே எஸ்எஸ்எச் வழியாக (தூரத்திலிருந்தே சர்வரில் கட்டளை தட்டுகிற வழி) லேன் கார்டை பிரிட்ஜில் சேர்த்தேன், எண்டர் தட்டினேன், ஆள் காலி, இணைப்பே அறுந்துவிட்டது! கார்டிலிருந்த ஐபியை பிரிட்ஜுக்கு மாற்றி எழுதணும், கார்டில் ஐபியே இருக்கக் கூடாது, அதை மறந்துவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு டிவியைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றி, ஏணியில் நின்றபடி சரி செய்தேன். நெட்வொர்க் செட்டிங் ஃபைலில் கை வைக்கும்போது மானிட்டர், கீபோர்டு பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது கரண்ட். நம்ம ஊரில் மழைக்காலத்தில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும்தான், ஆனால் பேட்டரி தீருகிறது என்று அது சர்வரிடம் சொல்லாது, பொட்டென்று நின்றுவிடும். நடுவில் யுஎஸ்பி உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்து நட் என்கிற மென்பொருளைப் போட்டேன். நெட்வொர்க் நாட் வேறு, இந்த நட் வேறு, குழம்பாதீர்கள். பேட்டரி இறங்கியதும் இது ஹோஸ்டை அணைக்கச் சொல்லும், லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்கிற சர்வீஸ் முதலில் மூணு மெஷினையும் ஒழுங்காக மூடும். கரண்ட் வந்ததும் தானாக எழ பயாஸில் ஒரு செட்டிங் உண்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் விர்ஷ் என்கிற லிப்விர்ட் கட்டளையில் ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள். விர்ஷ் டெஸ்ட்ராய் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது மெஷினை அழிக்காது, பிளக்கைப் பிடுங்குவது போலத்தான். ஆனால் டேட்டா எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் உண்மையா என்று மெயினை ஆஃப் செய்து காட்டலாம் என்றுதான் கேமராவை மேலே திருப்பினேன். கீழே அம்மா சீரியல் பார்க்கிறார். அது முடியட்டும், ஒரு கால்மணி நேரம் பொறுங்கள், அப்புறம் ஆஃப் செய்கிறேன்.